வாழ்க்கைத் துணைநலம் வாசிக்க எந்த உரை?

குறள் வாசிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்கினால் முதல் ஐந்து அதிகாரங்கள் சுகமாகப் போகும். கடவுள் வாழ்த்தில் சைவர் தம் கடவுளைக் காண்பார், கத்தோலிக்கர் தம் கடவுளைக் காண்பார். வான்சிறப்பில் ஒருவருக்கும் வழக்கில்லை. ஆறாம் அதிகாரமான வாழ்க்கைத் துணைநலத்தில்தான் வண்டி கல்லில் ஏறும். ‘தெய்வம் தொழாஅள் கொழுநற் றொழுதெழுவாள் பெய்யெனப் பெய்யும் மழை’ என்று 55ஆம் குறளை வாசித்து முடித்ததும் மண்டபத்தின் ஒரு பக்கம் முகம் கோணும். மற்றப் பக்கம் ‘வள்ளுவரே சொல்லிப்போட்டார்’ என்று கதிரையில் சாய்ந்துகொள்ளும். அடுத்த கிழமை ஆட்கள் குறைவார்கள்.

திருகோணமலையில் இதற்கு இன்னும் இரண்டு முடிச்சு உண்டு. கிழக்கில் பெரும்பாலும் வீடு பெண்ணுக்குத்தான். சீதனமாக வீட்டை எழுதிக் கொடுக்க, மாப்பிள்ளை வந்து அதில் குடியேறுவார். கணவனின் வருவாய்க்குத் தக்கபடி வாழ்கிறவள் என்று சொல்லும் 51ஆம் குறளை (‘தற்கொண்டான் வளத்தக்காள்’) வாசிக்கும்போது, ‘அந்த வீடு ஆருடையது ஐயா?’ என்று ஒரு அக்கா கேட்டால் அதைக் குறும்புக் கேள்வி என்று ஒதுக்க முடியாது. மற்றது, வட்டத்தில் வந்து உட்காரும் பெண்களில் போரிலோ 2004 சுனாமியிலோ கணவரை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தியவர்கள் இருப்பார்கள். கொழுநனைத் தொழுதெழும் குறளை அவர்கள் முன்னால் எப்படி எடுப்பது என்பதை அன்றைய தினம் யோசிக்க முடியாது. அதற்கு முதலே எந்த உரையைக் கையில் வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தாக வேண்டும்.

வழிகள் மூன்று. பரிமேலழகர் வழி ஒன்று. ஆறுமுக நாவலர் அச்சிட்டுப் பரப்பிய உரை அது. ஈழத்துச் சைவப் பாடசாலை மரபில் குறள் என்றாலே அவர்தான். இருபதாம் நூற்றாண்டு உரைகளின் வழி இன்னொன்று. மு. வரதராசனின் தெளிவுரை, கலைஞர் உரை என்று கைக்கடக்கமாகக் கிடைப்பவை. மூன்றாவது, குறளுக்குப் பூச்சுப் பூசாமல் நேரே குற்றம் சொல்வது. பெரியார் செய்தது அது. ஆறாம் அதிகாரத்தையும் 91ஆம் அதிகாரமான பெண்வழிச் சேறலையும் எடுத்துவைத்து, இந்த நூலை ஒரு பெண் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பாளா என்று கேட்டார். பெரும்பாலானோர் முதல் இரண்டை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, பழசா புதுசா என்று சண்டை பிடிக்கிறார்கள்.

அந்தச் சண்டையில் ஒரு மயக்கம் இருக்கிறது. பழைய உரை பெண்ணை ஒடுக்கும், புதிய உரை விடுவிக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். குறள் குறளாக எடுத்துப் பார்த்தால் கணக்கு அப்படி வராது.

பரிமேலழகர் தோற்கும் இடம்

61ஆம் குறளிலிருந்து தொடங்கலாம். ‘பெறுமவற்றுள் யாமறிவது இல்லை அறிவறிந்த மக்கட்பேறு அல்ல பிற.’ அறிய வேண்டியதை அறியும் பிள்ளைகளைப் பெறுவதைவிட வேறு பேறு இல்லை என்பது நேர்ப்பொருள். பரிமேலழகர் இதற்கு ஒரு குறிப்பு எழுதுகிறார். ‘அறிவறிந்த’ என்று சொன்னதால் ‘மக்கள்’ என்ற சொல் இங்கே பெண்ணை ஒழித்து நிற்கிறது என்கிறார். அறிவு என்றால் ஆண்பிள்ளைக்குத்தான் என்பது அவர் கணக்கு. அதிகாரத்தின் பெயரையே ‘புதல்வரைப் பெறுதல்’ என்று வைத்துக்கொள்கிறார். ‘மக்கட்பேறு’ என்ற மற்றப் பாடந்தான் இன்று பாடப்புத்தகங்களில் உள்ளது.

இதை மறுக்க நவீனக் கொள்கை எதுவும் தேவையில்லை. ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குகிறது. அந்த ‘மக்கள்’ பெண்ணை ஒழித்து நிற்குமானால் தமிழில் பெண்பாலே உயர்திணையில் இராது. அடுத்த சூத்திரம் ஆடூஉ, மகடூஉ என்று அதே மக்களைப் பிரித்துக் காட்டுகிறது. பரிமேலழகருக்கு முந்திய மணக்குடவரும் இந்தக் குறளுக்குப் பொருள் சொல்கிறார், பெண்ணை விலக்கவில்லை. ஆகவே இது ‘பழைய உரை’யின் கருத்தல்ல, ஒரு பழைய உரையாசிரியரின் கருத்து. அவருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: அதே அதிகாரத்தில் 67, 69, 70 ஆகிய மூன்றும் ‘மகன்’ என்றுதான் பேசுகின்றன. அவற்றைக் கண்டு அவர் மொத்த அதிகாரத்தையும் அந்தப் பக்கம் சாய்த்துவிட்டார். மூன்று குறள் மகனைச் சொன்னால் மற்ற ஏழும் மகனைச் சொல்ல வேண்டும் என்று இல்லை.

69 இன்னும் சுவையானது. ‘ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்.’ ஏன் ‘கேட்ட’ தாய், ‘கண்ட’ தாய் என்று சொல்லவில்லை? பெண் இயல்பால் தானாக அறியமாட்டாள், ஆகவே பிறர் சொல்லக் கேட்டாள் என்கிறார் பரிமேலழகர். வாசிப்பு வட்டங்களில் இந்த வரியை உரக்க வாசித்தால் கொஞ்ச நேரம் கூச்சல் நிச்சயம். கூச்சலை அடக்கப் புறநானூற்றின் 278ஆம் பாட்டைக் கையில் வைத்திருங்கள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெண்பாற் புலவர் பாடியது. மகன் போரில் புறமுதுகிட்டான் என்று ஊர் சொல்ல ஒரு கிழவி கேட்கிறாள். கேட்டதோடு நின்றாளா? வாளோடு களத்துக்குப் போகிறாள், கிடந்த பிணங்களைப் புரட்டுகிறாள், சிதைந்து கிடந்த மகனைத் தானே கண்டுபிடிக்கிறாள். ‘ஈன்ற ஞான்றினும் பெரிது உவந்தனளே’ என்று முடிகிறது பாட்டு. குறளின் சொற்றொடரும் இதுவும் ஏறத்தாழ ஒன்று. ஊர் சொன்னதை நம்பாமல் போய்ப் பார்த்து அறிந்த தாயின் பாட்டு அது. பெண் தானாக அறியமாட்டாள் என்பது குறளில் இல்லை, அதற்கு முந்திய மரபிலும் இல்லை. உரையில் மட்டுந்தான் இருக்கிறது.

புதிய உரை தோற்கும் இடம்

இனி 55. வழக்கின் மையம் இதுதான்.

இலக்கண முடிச்சு ‘பெய்யும்’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அது வினைமுற்றாகவும் நிற்கலாம், பெயரெச்சமாகவும் நிற்கலாம். முற்றாகக் கொண்டால்: அவள் ‘பெய்’ என்று சொல்ல, மழை பெய்யும். பரிமேலழகர், மணக்குடவர் இருவரும் கொண்டது இது. எச்சமாகக் கொண்டால்: வேண்டும் நேரத்தில் பெய்கின்ற மழை போன்றவள் அவள். புதிய உரைகள் சிலவற்றின் வழி இது. இலக்கணம் இரண்டுக்கும் இடங்கொடுக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ‘போன்ற’ என்ற உவம உருபு மறைந்து நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் இந்தக் குறளுக்கு நம்மிடம் உரையாசிரியர்களைவிடப் பழைய சாட்சி ஒன்று உண்டு. மணிமேகலையின் சிறைசெய் காதையில் இந்தக் குறள் ஏறத்தாழ அப்படியே எடுத்தாளப்படுகிறது. ‘பொய்யில் புலவன் பொருளுரை’ என்று வள்ளுவரைப் பெயர் சொல்லாமல் சொல்லும் இடம். அங்கே மருதி என்ற பெண்ணிடம், நீ பிற கடவுளைப் பேணியவள் ஆதலால் ‘மடவரல் ஏவ மழையும் பெய்யாது’ என்று பூதம் சொல்கிறது. பெண் ஏவ மழை பெய்வது என்றுதான் அந்தக் காலத்துக் கேட்போர் விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடைக்காது. சிலப்பதிகாரத்தில், காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தேவந்தி சொல்ல, கண்ணகி ‘பீடு அன்று’ என்று மறுத்து இருப்பதும் அதே மரபு. இந்தக் குறளில் பழைய உரைதான் வெல்கிறது.

வென்றது பெண்ணுக்குக் கெடுதியா என்று கேட்டால், அங்கேதான் கணக்குத் திரும்புகிறது. பழைய பொருளில் அவள் சொல்லுக்கு மழை பணிகிறது. தெய்வந்தான் அவளுக்கு ஏவல் செய்யும் என்று பரிமேலழகரே சொல்கிறார். மதுரையை எரித்தவள் வரும் வரிசை அது. கலைஞர் உரையில் என்ன நடக்கிறது? கணவன் வாக்கைக் கடவுள் வாக்கிலும் மேலாகக் கருதும் மனைவி, ஆணையிட்டதும் அஞ்சி நடுங்கிப் பெய்கின்ற மழையைப் போலத் தன்னை அடிமையாக எண்ணிக்கொள்வாள் என்று போகிறது. பகுத்தறிவுக்கு ஒவ்வாத மழை போய்விட்டது. அதோடு பெண்ணின் வல்லமையும் போய், அடிமை என்ற சொல் மட்டும் மிஞ்சிவிட்டது. குறளைக் காக்கவே அப்படி எழுதவில்லை, அதைக் கண்டிக்கும் தொனியில் எழுதினார் என்றும் வாதிடலாம். எப்படியானாலும் வட்டத்தில் இருக்கும் பெண்களுக்கு இது ஆறுதல் தரும் உரை அல்ல. ‘புதிய உரை வாங்கினால் பிரச்சினை தீரும்’ என்று போனவர்கள் இங்கே திகைப்பார்கள். மு.வ.வும் இந்தக் குறளுக்குப் பழைய பொருளைத்தான் தருகிறார். அட்டையில் உள்ள ஆண்டைப் பார்த்து உரையை நவீனம் என்று எண்ணக்கூடாது.

904ஆம் குறளில் புதிய உரை இன்னும் மோசமாக வழுக்குகிறது. ‘மனையாளை அஞ்சும் மறுமையிலாளன் வினையாண்மை வீறெய்தல் இன்று.’ மனைவிக்கு அஞ்சுகிறவனின் செயல்திறம் சிறக்காது என்பதுதான் சொல். பரவலாகப் புழங்கும் ஒரு புதிய உரை, குடும்பம் நடத்த அஞ்சுகிறவன் என்று இதை மாற்றுகிறது. ‘மனையாளை’ என்று ஐ உருபு விரிந்தே நிற்கிறது. அஞ்சப்படுவது மனைவி, குடும்பம் அல்ல. இப்படி மாற்றும்போது வாசகர் ஏமாற்றப்படுகிறார். கசப்பான குறளை விளங்க வேறு வழி இருக்கிறது. 91ஆம் அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. அதற்குப் பின் வரிசையாக வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது. பொதுக்காரியம் பார்க்கிறவனைத் தடம் புரட்டுபவை என்ற பட்டியலில் அது வைக்கப்பட்டிருக்கிறது. இடம் சொன்னால் குறளின் எல்லை தெரியும், கசப்புப் போகாது. அந்தக் கசப்பை வள்ளுவர் கணக்கில் வைத்துவிட வேண்டியதுதான். பெரியாரின் கேள்வி பயன்படும் இடம் இது.

41ஆம் குறளின் ‘இயல்புடைய மூவர்’ யார் என்பது மட்டும் சமநிலை. பிரமசாரி, வானப்பிரத்தன், சந்நியாசி என்கிறது பழைய உரை. பெற்றோர், துணை, பிள்ளை என்கிறது புதியது. பழைய உரைக்கு உள்ள சங்கடம் அடுத்த குறளில்: ‘துறந்தார்க்கும்’ என்று மறுபடியும் துறவி வந்துவிடுகிறார். பரிமேலழகர் அதைத் ‘துறக்கப்பட்டவர்’, அதாவது கைவிடப்பட்டவர் என்று திருப்ப வேண்டியதாகிறது. புதிய உரைக்கு உள்ள சங்கடம், பெற்றோரோ பிள்ளையோ அந்தக் குறளில் எந்தச் சொல்லிலும் இல்லை. இதில் மணிக்கணக்காக நிற்க வேண்டாம்.

ஆக, தேர்வு பழையதற்கும் புதியதற்கும் இடையில் இல்லை. உரைகாரர் சொல்வது குறளின் சொல்லில் இருக்கிறதா, இலக்கணம் இடங்கொடுக்கிறதா, அதற்கு முந்திய நூல் எதுவும் சாட்சி சொல்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டால் ஒவ்வொரு குறளுக்கும் விடை தனித்தனியாக வரும். ‘புதிய பார்வை’ ஏதோ கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் இறக்குமதியானது என்ற எண்ணமும் வேண்டாம். திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை ‘தத்தைவிடுதூது’ பாடி, பெண்ணின் விடுதலையைப் பேசியது 1892இல். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு வயது நூற்றுமுப்பதுக்கு மேல்.

மற்ற மறைகளை வைத்திருப்பவர்களுக்கு

வட்டத்தில் மெதடிஸ்த சபையாரோ கத்தோலிக்கரோ இருந்தால், எபேசியர் 5:22ஐ அவர்களே எடுத்து வைப்பார்கள். ‘மனைவிகளே, கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறதுபோல, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்’ என்ற பழைய மொழிபெயர்ப்பு பலருக்கு மனப்பாடம். அதே மூன்று கேள்வியை இங்கேயும் கேட்கலாம். கிரேக்க மூலத்தின் மிகப் பழைய படிகளில் 22ஆம் வசனத்துக்கு வினைச்சொல்லே இல்லை. அதற்கு முந்திய 21ஆம் வசனத்தின் ‘ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்’ என்பதிலிருந்து அது வினையைக் கடன் வாங்குகிறது. 21ஐ ஒரு தலைப்பின் கீழும் 22ஐ இன்னொரு தலைப்பின் கீழும் பிரித்து அச்சிட்டால் கடன் வாங்கியது மறைந்துபோகும். ஆகவே இங்கே ‘இருவரும் பணிதல்’ என்ற புதிய வாசிப்புக்கு மூலத்திலேயே கால் இருக்கிறது. ஆனால் 23இல் ‘புருஷன் மனைவிக்குத் தலை’ என்று வருவதை அந்தக் காலால் மட்டும் தாண்ட முடியாது. குர்ஆனின் 4:34 பற்றியும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இப்படியே பேசக்கூடும். அரபு மூலம் தெரிந்த ஒருவர் உடன் இல்லாமல் மொழிபெயர்ப்பை வைத்து அதைத் தொடங்க வேண்டாம். குறள் வட்டத்தில் இவற்றுக்கு ஒரு நாள் போதும். மூன்று மறையையும் ஒரே மாலையில் அடுக்கினால் ஒப்பீடு நடக்காது, போட்டி நடக்கும்.

யாருக்கு எது

உயர்தர மாணவர்களுக்குப் பாடத்திட்டத்தில் உள்ள உரையைத்தான் பிடிக்க வேண்டும். பரீட்சையில் புள்ளி அதற்கு. மற்றப் பொருளைச் சொல்லிக் கொடுங்கள், ஆனால் எது விடைத்தாளில் எழுதுவது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

கோயில் மண்டபத்தில் கூடும் மூத்தோர் வட்டத்துக்குப் பரிமேலழகரோடு மணக்குடவரையும் சேர்த்து வையுங்கள். பழைய உரை ஒன்றல்ல என்பது தெரிந்தாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். தொடக்கத்தில் தேவாரம் பாடும் வழக்கம் இருந்தால் கோணேசர் பதிகத்தின் முதற்பாட்டையே பாடலாம். ‘வரைகெழு மகளோர் பாகமாப் புணர்ந்த வடிவினர்’ என்று சம்பந்தர் பாடியதை ஊரில் எல்லோரும் வாயால் சொல்லுகிறோம். இறைவனின் உடம்பில் பாதியை அவள் வைத்திருக்கிறாள் என்ற படிமத்தைப் பாடிவிட்டு 55ஆம் குறளுக்கு வருவது, வெறுங்கையோடு வருவதைவிட நல்லது.

திருமணம் பேசி முடித்த இளையவர்களுக்கு என்றால் ஆறாம் அதிகாரத்தில் தொடங்கவே வேண்டாம். நான்கு அமர்வு போதும். முதலாவதில் 45 (‘அன்பும் அறனும் உடைத்தாயின்’), 49. இரண்டாவதில் பிறனில் விழையாமையிலிருந்து 148: ‘பிறன்மனை நோக்காத பேராண்மை’. கற்பைப் பெண்ணுக்கு மட்டும் சொன்னார் என்று சொல்கிறவர்கள் இந்த அதிகாரத்தை மறந்துவிடுகிறார்கள். பத்துக் குறளும் ஆணை நோக்கியவை. மூன்றாவதில் 133ஆம் அதிகாரம். ‘ஊடலில் தோற்றவர் வென்றார்’ (1327) என்பதற்கு உரை தேவையே இல்லை, மணமாகாதவர்களுக்குக்கூட விளங்கும். நான்காவதில்தான் 51, 55, 56. காமத்துப்பாலின் 250 குறளையும் கூச்சத்தால் விட்டுவிட்டு ஆறாம் அதிகாரத்தின் பத்தை மட்டும் ‘திருமண அறிவுரை’ என்று கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஆணும் பெண்ணும் சரிசமமாய் நின்று கோபித்து, கெஞ்சி, தோற்று, சிரிக்கும் இடமே அந்த நூலில் அதுதான்.

பல சமயத்தவர் கலந்த வட்டத்துக்கு எந்த உரையையும் முதலில் கொடுக்காதீர்கள். வெறும் மூலம் முதலில், பழைய உரை அடுத்து, புதியது கடைசியில். இந்த வழிக்குத் தயாரிப்பு அதிகம். ஆனால் வேறு வழிகளில் கெட்டுப்போகும் வட்டம் இதில் நிலைக்கும்.

நடத்தும் முறை

ஓர் அமர்வுக்கு ஒன்றரை மணித்தியாலம், பொதுவாக இரண்டு குறளுக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் நல்ல அளவு. இருபதைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். ஆளுக்கு ஒரு ஏ4 தாள் போட்டோக் கொப்பி. அதில் குறள் மட்டும், சீர் பிரித்த வடிவில், உரை இல்லாமல். கீழே பாதித் தாள் வெறுமையாக விடுங்கள். பரிமேலழகர் உரையும் மணக்குடவர் உரையும் வட்டத்துக்கு ஒவ்வொரு படி இருந்தால் போதும். இல்லாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் பல உரைகளும் கிடைக்கும். தேவையான பக்கத்தை மட்டும் அச்செடுக்கலாம்.

முதல் பத்து நிமிடம் குறளை மூன்று முறை வாசித்தல்: ஒரு முறை சீராக, ஒரு முறை சொல் பிரித்து, ஒரு முறை வேறொருவர் குரலில். அடுத்த பதினைந்து நிமிடம் ஒவ்வொருவரும் தமக்குப் பட்ட பொருளை ஒரே வரியில் எழுதுதல். இந்தப் பதினைந்தைக் குறைக்காதீர்கள். உரையைக் கேட்ட பிறகு எழுதினால் எல்லாரும் உரையையே எழுதுவார்கள். பிறகு பழைய உரைக்கு இருபது நிமிடம், புதியதற்கு இருபது. மிச்சம் இருபத்தைந்தில் மூன்று கேள்விகள்: சொல்லில் உண்டா, இலக்கணம் விடுமா, சாட்சி உண்டா. மூன்றுக்கும் விடை கண்ட பிறகுதான் ‘எனக்குப் பிடிக்கிறதா’ என்பது. பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் இடம் வேண்டும். அதைப் பொருள் சொல்வதோடு குழப்பக்கூடாது.

எங்கே பிழைக்கும்

சொல் பிரித்து அச்சிடும்போதே பொருள் முடிவாகிவிடும். 55இல் ‘பெய்’ என்பதற்கு மேற்கோள் குறி போட்டால் நீங்கள் பழைய உரைக்கு வாக்களித்துவிட்டீர்கள். ‘கொழுநற் றொழுதெழுவாள்’ என்பதை ‘கொழுநன் தொழுதெழுவாள்’ என்று பிரிப்பது இன்னும் பெரிய பிழை; அங்கே மறைந்து நிற்பது ஐ உருபு, தொழுகிறவள் மனைவிதான். தாளைத் தட்டச்சுச் செய்கிறவர் யாரோ ஒரு பிள்ளையாக இருப்பார், அவர் கையில் விட்டுவிடாமல் ஒரு முறை சரிபாருங்கள்.

பழைய உரையை விளக்கமில்லாமல் வாசிப்பதும் அப்படித்தான். 55ஆம் குறளுரையில் ‘கொழுநனைத் தொழாநின்று’ என்று வரும். இன்றைய காதுக்கு அது ‘தொழாமல் நின்று’ என்று கேட்கும். உண்மையில் ‘தொழுதுகொண்டு’ என்பது பொருள். ‘ஆநின்று’ அந்தக் காலத்து நிகழ்கால இடைநிலை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பரிமேலழகர் கணவனைத் தொழவேண்டாம் என்கிறார் என்று யாரோ ஒருவர் மகிழ்ச்சியோடு எழும்புவார். பிறகு அவரை உட்கார வைப்பது கடினம்.

கைத்தொலைபேசியில் குறளைத் தேடுகிறவர்களுக்கு மு.வ., கலைஞர், சாலமன் பாப்பையா உரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அந்த மூன்றும் எல்லா உரையும் அல்ல. முதல் இருபத்தைந்து நிமிடத்துக்குத் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைக்கச் சொல்லலாம்.

கணவனும் மனைவியும் ஒரே வட்டத்துக்கு வந்தால் அருகருகே இருத்தாதீர்கள். எழுதும் வரி மாறிவிடும். பெயர் சொல்லியோ சொல்லாமலோ ஒரு வீட்டுக் கதையை உதாரணமாக எடுக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்; சின்ன ஊரில் பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் தெரியும். கணவரை இழந்தவர்கள் இருக்கும் வட்டத்தில் இன்னுமொன்றைச் சொல்லி வைப்பது நல்லது. கைம்மை நோன்பைக் கட்டளையாகச் சொல்லும் குறள் ஒன்றும் 1330இல் இல்லை. அதை ஆறாம் அதிகாரத்துக்குள் கொண்டுவந்து பேசுகிறவர் குறளைப் பேசவில்லை.

காலமும் பார்க்க வேண்டும். மாசியிலிருந்து புரட்டாதி வரை இங்கே வெயில்தான். கச்சான் காற்று அடிக்கும் மாலைகளில் மண்டபத்துக் கதவைச் சாத்தினால் வேகும், திறந்தால் தாள் பறக்கும். கல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் வாடை மழை தொடங்கினால் உவர்மலைக்காரர் வருவார்கள், சாம்பல்தீவு, நிலாவெளியிலிருந்து வருகிறவர்கள் குறைவார்கள். ஆகவே ஆனி, ஆடியிலேயே ஆறாம் அதிகாரத்தை முடித்துவிடுவது நல்லது. கார்த்திகைக்குத் தள்ளிப்போட்டால், தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்துக்குள் 55ஐ வாசிக்க வேண்டி வரும். அன்றைக்கு யார் ‘பெய்’ என்று சொன்னது என்று வட்டம் முழுக்கப் பகிடி விட்டே ஒன்றரை மணித்தியாலமும் போய்விடும்.